சங்கீதா வீட்டுப் போர்வை

வளைகுடா நாடொன்றில், குதைபியா என்ற பகுதியில், ஆலியாவின் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் ஒரு குடும்பம் ஊருக்கே திரும்பிப் போகிறதாம். வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்கிறார்கள் என்று மளிகைக் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

“வா புள்ளே, இஸ்திரிப் பெட்டி கிடைக்குதான்னு பார்ப்போம்” என்று உம்மா ருக்கையா அவளை அழைத்துப் போனார்.

கதவைத் திறந்தவர் வெங்கட்ராமன் என்பவர். கூடத்தில் கட்டில், மின்விசிறி, பாத்திரங்கள், பொம்மைகள் எல்லாம் பரப்பிக் கிடந்தன. மூலையில் ஆலியாவின் வயதுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மகள் சங்கீதா.

உம்மா இஸ்திரிப் பெட்டியைத் தேடினார். ஆலியாவின் கண்ணில் பட்டது ஒரு போர்வை. நூறு வகைத் துண்டுத் துணிகளைச் சேர்த்து, கையாலேயே தைத்தது. பூப்போட்ட துண்டு, கோடு போட்ட துண்டு, சரிகை ஓரம் வைத்த பட்டுத் துண்டு. ஒரு துண்டில் மஞ்சள் வாத்து ஒன்று நடந்து போனது.

தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம்!

“உம்மா, இது வேணும்.”

“இஸ்திரிப் பெட்டி வாங்க வந்தோம்” என்றார் உம்மா. ஆனாலும் தடவிப் பார்த்தார். “யாரு தச்சதோ, தையல் அழகா இருக்கு.”

மூலையிலிருந்து சங்கீதா மெல்லச் சொன்னாள், “வெந்நீர்ல துவைக்காதீங்க ஆன்ட்டி. சாயம் போயிடும்.”

அன்று இரவு, உம்மா வாங்கித் தந்த அந்தப் போர்வைக்குள் ஆலியா புகுந்துகொண்டாள். அவளுடைய கட்டிலில் முன்பு இரண்டு பேர் படுப்பார்கள். அவள் ‘ராத்தா’ என்று கூப்பிடும் அக்கா ஜுனைதா கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போனதிலிருந்து பாதிக் கட்டில் காலி. விடுமுறை நாளில் போன் கார்டு வாங்கிப் பேசுவார்கள். “கேக்குதா? கேக்குதா?” என்று கேட்பதிலேயே பாதிக் கார்டு தீர்ந்துவிடும்.

ஜனவரி மாதக் குளிரில் அந்தப் போர்வை ராத்தாவின் கை மேலே கிடப்பதுபோலக் கனமாக இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு ஆலியா உடனே தூங்கிப் போனாள்.

மறுநாள் மாலை ரொட்டி வாங்கப் போனபோது, கடையில் சங்கீதா நின்றிருந்தாள்.

“போர்வை எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“சூப்பரா இருக்கு.”

“வாத்து?”

“வாத்தும் நல்லாருக்கு” என்றாள் ஆலியா. இருவருக்கும் சிரிப்பு வந்தது.

“அது என்னோட மூணாவது பிறந்தநாள் சட்டை. பட்டு, அம்மாவோட கல்யாணப் புடவை. அம்மாதான் தச்சாங்க.” சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள். “அம்மா போன வருஷம் இறந்துட்டாங்க.”

ஆலியா அவள் அருகே நகர்ந்தாள். “அப்புறம் ஏன் வித்தீங்க?”

“அதைப் பார்த்தா அப்பா அழறார். நான்தான் வித்துடலாம்னு சொன்னேன். நாளைக்குச் சாயங்காலம் நாங்க கிளம்பறோம்.” சொல்லிவிட்டு அவள் வேகமாகப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஆலியா போர்வையை விரித்து வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுக்க மனமே இல்லை. இதைப் போர்த்தினால்தானே தூக்கம் வருகிறது! ஆனால் சங்கீதா எதைப் போர்த்திக்கொள்வாள்?

காலையில் எழுந்ததும் போர்வையை மடித்தாள். “உம்மா, இதைத் திருப்பிக் கொடுத்துட்டு வரட்டா?” என்று கேட்டு, கடையில் நடந்ததைச் சொன்னாள்.

உம்மா போர்வையை அவள் கையில் தூக்கி வைத்தார். “போயிட்டு வா. படியில தடுக்கி விழுந்துடாதே. போர்வை உன்னைவிடப் பெருசா இருக்கு.”

வெங்கட்ராமன் பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையைக் கண்டதும் எழுந்துவிட்டார். பெட்டி டப்பென்று திறந்துகொண்டது.

“ஏம்மா, பிடிக்கலையா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள். ஆனா இது சங்கீதாவோடது. நீங்க அழறீங்கன்னுதான் அவ விக்கச் சொன்னாளாம்.”

வெங்கட்ராமன் மகளைப் பார்த்தார். சங்கீதா தரையைப் பார்த்தாள்.

“நீ அழறேன்னு நினைச்சுத்தானே நான் சரின்னேன்?” என்றார் அவர். “இதைப் பார்க்கும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கிட்டியே.”

“நீங்க அழறதைப் பார்க்க முடியாமத்தான் திருப்பிக்கிட்டேன்.”

அவர் தரையில் உட்கார்ந்து போர்வையை மடியில் விரித்தார். சங்கீதா பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டாள். இருவரும் அழுதார்கள். ஆலியா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெட்டியைப் பார்த்து அவர் தலையைச் சொறிந்தார். “இதுக்கு இடமே இல்லையே.”

“குக்கரை எடுத்துடுங்கப்பா” என்றாள் சங்கீதா.

“குக்கர் இல்லாம எப்படிச் சமைக்கிறது?”

“உங்க சாம்பாரை எதுல வச்சாலும் ஒண்ணுதான்!”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். குக்கர் வெளியே வந்தது. போர்வை உள்ளே போனது. ஆலியாவும் சங்கீதாவும் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்த பிறகு அது மூடிக்கொண்டது.

“நீ இனிமே எதைப் போர்த்திப்பே?” என்று சங்கீதா கேட்டாள்.

“வேற இருக்கு” என்றாள் ஆலியா.

குக்கரைக் கட்டிக்கொண்டு மகள் திரும்பி வருவதைக் கண்டு உம்மா விழித்தார். “போர்வை கொடுத்துட்டு குக்கரா?”

“நமக்காம்.”

அன்று மாலை விமான நிலைய டாக்சி தெருமுனை திரும்பும்வரை ஆலியா ஜன்னலில் நின்று கையசைத்தாள். பிறகு அறைக்குள் வந்தாள். கட்டில் மறுபடியும் பெரிதாகத் தெரிந்தது.

“உம்மா, ராத்தா விட்டுட்டுப் போன பழைய உடுப்பெல்லாம் எங்கே?”

உம்மா முக்காலியில் ஏறி, அலமாரி மேலிருந்த பையை இறக்கிக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ராத்தாவின் ஊதாச் சட்டை. ஆலியா அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெட்ட மனம் வரவில்லை. வெகுநேரம் மடியிலேயே வைத்திருந்தாள்.

பிறகு, “உம்மா, கத்திரிக்கோல், ஊசி, நூல்” என்றாள்.