தேயாத குழாய்

அளவுக் குறிப்பின்படி, நீராவிக் குழாயின் அந்த வளைவு மறுபடியும் தடித்திருந்தது. மின்நிலையத்தின் எந்தப் பாகம் இன்னும் எத்தனை வருடம் தாங்கும், எதை எப்போது சோதிக்க வேண்டும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருளைக் கவனிப்பது அவள் வேலை. இரும்பு தேயும், துருப்பிடிக்கும். பூசினாற்போல் சதை போடுமா என்ன? அளந்து எழுதுபவர் அவள் கணவர். மேலே ஏறாமல், கேண்டீனில் உட்கார்ந்தபடியே எண்களை இட்டுக்கட்டுகிறாரோ என்ற சந்தேகம் அவளை அரித்தது. நாளைக்குக் குழாய் வெடித்தால் கீழே நிற்பவர்கள் வெந்துபோவார்கள். பழி அவர் தலையில் விழும்.

இன்னொன்றும் உறுத்தியது. குழாய் தடித்து ஆயுள் கூடினால் மென்பொருள் அடுத்த சோதனையைத் தள்ளிப்போட வேண்டும். இதுவோ வாராவாரம் அழைத்தது, அதுவும் அவரை மட்டும். அவரே மென்பொருளுக்குள் புகுந்து மாற்றிவைக்கிறாரா? நிலையத்தில் யாரைப் பார்க்கப் போகிறார்? ஆளும் இளைத்துக்கொண்டே வந்தார். பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டிருந்தார்.

"நம்பலன்னா நீயே வந்து பாரேன்," என்றார், அவள் கேட்டபோது. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பராமரிப்புக்காக நிலையம் நின்றிருந்த ஒரு மத்தியானம், கம்பித் தளங்கள் காலடியில் கிறீச்சிட, எண்ணெய் வாடையும் நனைந்த சாம்பல் வாடையும் மூக்கில் ஏற, எங்கோ ஒரு வால்வு சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினாள். வளைவைச் சுற்றியிருந்த வெப்பக் காப்புறை பிரிந்து கிடந்தது.

"யாரு பிரிச்சது?"

"நான் வந்தா இப்படித்தான் இருக்கும்."

கொதிகலனை அணைத்து நாளாகிவிட்டது. குழாயோ காய்ச்சல்காரரின் நெற்றிபோல் சுட்டது.

ஒலி கடத்தும் பசையைத் தடவி, தடிமன் அளக்கும் மானியை வைத்தாள். எண் வந்தது. நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. மானியில் ஏதோ செய்துவைத்திருக்கிறார் என்று வெடுக்கெனத் திரும்பினாள். அவர் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் குழாயில் பதித்திருந்தார்.

"கைய எடுங்க."

"நானும் ஒவ்வொரு தடவையும் எடுக்கத்தான் பாக்குறேன். அதுவா விட்டாத்தான் உண்டு."

இவரையா சந்தேகப்பட்டோம்? தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

எண் ஏறியது.

சட்டையின் கைப்பகுதி தொய்ந்தது. மணிக்கட்டில். முழங்கையில். தோளில்.

மறுபடி இழுத்தாள். இந்த முறை வந்துவிட்டார். துவைத்துக் காய்ந்த துணியின் கனம்தான் இருந்தது. அவள் கையில் மடிந்து கிடந்த சட்டைக் காலருக்கு மேலே, அவர் கண்கள் இன்னும் இமைத்துக்கொண்டிருந்தன.