கொடிக்குப் பின்னால் போகாத டிரம்

கெசியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அன்று பள்ளி மைதானத்தில் அவளுடைய இரண்டு காதுகளும் அடுப்பில் வைத்ததுபோல் கொதித்தன.

"இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ். ஊர்வலத்துல முதல்ல யாரு போறது?"

பேண்டு டீச்சர் மிஸ் டார்சி தன் கையிலிருந்த விசிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "லாமர் கிரேடி. கொடியைத் தூக்கிட்டுப் போவாரு. அவருக்குப் பின்னால நாம."

"எந்தக் கொடி?"

"உனக்கே தெரியும் கெசியா."

தெரியும். அமெரிக்காவின் தெற்கிலிருந்த அந்தக் கோல்பர்ன் ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். சிவப்புத் துணி. மூலைக்கு மூலை குறுக்கே ஓடும் நீலப் பட்டைகள். பட்டைகளின் மேல் வெள்ளை நட்சத்திரங்கள். எத்தனையோ வருடங்களாக அது ஊர் மன்றத்தின் கம்பத்தில் பறந்தது. போன குளிர்காலத்தில், பெரிய சண்டைக்குப் பிறகு, அதை இறக்கினார்கள். அன்று கெசியாவின் அப்பா வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, வெறும் கம்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

லாமர் கிரேடி மறுநாளே அதே மாதிரி ஒரு கொடியைத் தன் வீட்டு வாசலில் ஏற்றினார். இப்போது ஊர் பிறந்த நாள் ஊர்வலத்தில் அதை முன்னால் கொண்டுபோக விழாக் குழுவும் தலையாட்டிவிட்டது.

"ஒரே ஒரு நாள்தானேம்மா," என்றார் மிஸ் டார்சி. "நீ கொடியைப் பாக்காதே. டிரம்மை மட்டும் பாரு."

கெசியா டிரம்மைப் பார்த்தாள். பேண்டிலேயே பெரிய டிரம் அதுதான். தோளில் மாட்டினால் முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு அவளுடைய கண்களும் ஷூக்களும் மட்டும்தான் தெரியும். அது தன் கைக்கு வர அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். முதல் வரிசையில் அவள் அடித்தால்தான் மற்றவர்கள் கால் எடுத்து வைப்பார்கள்.

'என் டிரம் அந்தத் துணிக்கு வழித்துணையா?' என்று நினைத்தபோது காதில் ஏறிய சூடு கண்ணுக்கு வந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெஸ் வழக்கம்போல அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெஸ் டிரம்பெட் வாசிப்பவன். அவளுக்கு நெருங்கிய நண்பன். லாமர் கிரேடிக்கு அண்ணன் மகன்.

அவள் டப்பாவிலிருந்த வறுத்த வெண்டைக்காயில் வெஸ் கையை நீட்டினான். கெசியா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்மேல என்ன கோவம்? நானா தூக்கிட்டுப் போறேன்?"

"உன் சித்தப்பாதானே?"

"அது எங்க தாத்தாவோட தாத்தா போர்ல தூக்கிட்டுப் போன மாதிரிக் கொடி, கெஸி. அவருக்கு ஒரு காலே போச்சு. அந்த ஞாபகத்துக்குத்தான் சித்தப்பா வெச்சிருக்காரு. யாரையும் திட்டறதுக்கு இல்ல."

"எதுக்காக நடந்த போர் அது?"

"அது... பழைய போர்."

"எதுக்காகன்னு கேட்டேன்."

வெஸ் மேசையிலிருந்த ரொட்டித் துணுக்கை விரலால் நசுக்கினான். "அடிமைங்களை விடமாட்டோம்னு," என்றான் மெதுவாக.

"யாரு அந்த அடிமைங்க?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"எங்க தாத்தாவோட தாத்தா. பேரு ஐசம். இதே ஊர்ல வெயில்ல நின்னு பருத்தி எடுத்தாரு. உங்க தாத்தாவோட தாத்தாவுக்குக் கால் போச்சுன்னியே, எங்க ஐசமைப் பிடிச்சு வெச்சுக்கறதுக்காகப் போன கால்தான் அது!"

பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வெஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"நாங்க யாரும் அப்படி நினைக்கல! எங்க வீட்டுல அது வெறும் குடும்ப ஞாபகம்."

"அப்போ வீட்டுக்குள்ள வெச்சு ஞாபகப்படுத்திக்கோங்க. என் டிரம்முக்கு முன்னால எதுக்கு?"

"நீ எல்லாத்தையும் பெருசு பண்ற!"

கெசியா டப்பாவை டப்பென்று மூடிக்கொண்டு எழுந்து போனாள். பாதி வெண்டைக்காய் அப்படியே இருந்தது. இரண்டு பேருமே அதைச் சாப்பிடவில்லை.

வீட்டில் அம்மா சோள ரொட்டிக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டி கிண்ணத்தில் வேகமாகச் சுழன்றது. சுவரில் மாவு தெறித்தது.

"என் பொண்ணு கையில குச்சியைக் குடுத்து அந்தத் துணிக்குப் பின்னால அடிக்கச் சொல்றாங்களா? நீ போகவே வேணாம். அன்னைக்கு வீட்டுல இரு."

"நான் போவேன்."

கரண்டி நின்றது. "என்னடி சொல்ற?"

"நான் வீட்டுல இருந்தா கொடி போகும், பேண்டு போகும், என் டிரம்மும் வேற யாரு தோள்லயாவது போகும். நான் மட்டும்தான் போகமாட்டேன். தப்பு பண்ணினது நானாம்மா?"

அம்மா சுவரில் தெறித்த மாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் அடிக்கறேன்!" என்றான் நான்கு வயதுத் தம்பி ஏமஸ். சொன்னதோடு நிற்காமல் அம்மாவின் வாணலியை எடுத்து மடேர் மடேரென்று அடித்தான். அம்மா வாணலியைப் பிடுங்க, ஏமஸ் மேசையைச் சுற்றி ஓட, அம்மா பின்னாலேயே துரத்தினார்.

கெசியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போகிற பக்கமெல்லாம் அம்மா போனார். சத்தம் திரும்பினால் அம்மாவும் திரும்பினார்.

அவள் காதுச் சூடு இன்னும் குறையவில்லை. ஆனால் அதோடு ஒரு யோசனையும் சேர்ந்துகொண்டது.

ஊர்வல நாளில் காலையிலேயே வெயில் சுட்டது. தபால் ஆபீஸுக்கு முன்னால் பேண்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். லாமர் கிரேடி புதுத் தொப்பியோடு வந்தார். எல்லோருக்கும் வேர்க்கடலைப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார். கெசியாவுக்கும் ஒன்று நீட்டினார்.

"நல்லா பலமா அடிக்கணும் குட்டி! கடைசி வீடு வரைக்கும் கேக்கணும்!"

கெசியா பொட்டலத்தை வாங்கவில்லை. அவர் தோளில் சாய்த்திருந்த கொடி காற்றில் புரண்டு டிரம்மின் தோலை உரசியது.

"அதைத் தள்ளிப் பிடிங்க," என்றாள்.

லாமர் சிரித்தார். "பயப்படாதே. கடிக்காது."

"எங்க வீட்டு ஆளுங்களைக் கடிச்சிருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய் நின்றார்.

கெசியா பேண்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேளுங்க. யாரையும் ஏமாத்திக் கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டம் இல்ல. அதனால முன்னாடியே சொல்லிடறேன். முதல் முக்கு வரைக்கும் நான் நேரா போவேன். அங்கே வலது பக்கம் பெக்கன் தெருவுல திரும்பிடுவேன். அந்தக் கொடிக்குப் பின்னால அடிக்கமாட்டேன். வர்றவங்க வரலாம். வராதவங்க நேரா போகலாம். நான் யாரையும் கேக்கமாட்டேன்."



கடைசி வரிசையிலிருந்து புக்கர் பேசினான். யானையின் தும்பிக்கைபோல உடம்பைச் சுற்றிக் கிடந்த டூபா என்ற பெரிய ஊதுகுழலுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "எனக்கு இதுக்குள்ள இருந்து ரோடே தெரியாது. டிரம் போற பக்கம்தான் நான் போவேன். எப்பவும் அப்படித்தான்."

சிலர் சிரித்தார்கள். வெஸ் சிரிக்கவில்லை. "உனக்குப் பைத்தியம்," என்றான்.

மிஸ் டார்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பிறகு விசிலை ஊதினார்.

கெசியா அடித்தாள். கோபம் தோளிலிருந்து இறங்கி, முழங்கை வழியாகக் குச்சிக்குள் போய், தோலின்மேல் விழுந்தது. அவள் அப்படி ஒருநாளும் அடித்ததில்லை. கடை வாசல்களில் நின்றவர்கள் தங்களை அறியாமல் காலால் தாளம் போட்டார்கள். முன்னால் லாமர் கொடியை உயர்த்திப் பிடித்து நடந்தார்.

முதல் முக்கு வந்தது. கொடி நேராகப் போனது.

டிரம் வலது பக்கம் திரும்பியது.

பெரிய டிரம்மைச் சுமந்துகொண்டு பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. காதால் மட்டும்தான் பார்க்க முடியும். முதலில் அவளுக்குத் தன் அடி மட்டும் கேட்டது. தனி டிரம். வெறுமையான தெரு. 'யாருமே வரலையா?' இருந்தும் கை நிற்கவில்லை.

பூம் என்று டூபா பின்னால் முழங்கியது. பித்தளைத் தட்டுகள் மோதின. சின்ன டிரம்கள் வந்தன. குழல்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஓரமாக ஒரு குதிகால் செருப்பின் டக்டக் சத்தம் வந்தது. மிஸ் டார்சி!

டிரம்பெட் மட்டும் வரவில்லை. அது பெரிய தெருவில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. போகப்போகச் சிறிதானது. கெசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கெசியாவின் வீடு இருந்த பெக்கன் தெருவுக்கு ஊர்வலம் வந்ததே கிடையாது. அங்கிருந்துதான் எல்லோரும் பெரிய தெருவுக்குப் போய் ஓரமாக நின்று பார்ப்பார்கள். இந்த வருடம் கொடியைக் கேள்விப்பட்டு யாரும் போகவில்லை. சத்தம் கேட்டதும் கதவுகள் திறந்தன. ஷேவ் செய்த பாதியிலேயே ஒருவர் நுரையோடு வெளியே வந்தார். நாய்கள் குரைத்தன. அம்மா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஏமஸ் வாணலியோடு பாய்ந்து வந்து பேண்டில் சேர்ந்தான். அவன் தாளம் எந்தப் பாட்டிலும் சேராத தாளம்.

டிரம்பெட் எங்கோ தூரத்தில் சட்டென்று நின்றது.

பிறகு யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு வெஸ் அவள் பக்கத்தில் வந்து நடந்தான்.

"நான் ஒண்ணும் உனக்காக வரல," என்றான். "தாளம் இல்லாம வாசிச்சா கேவலமா இருக்கு."

"சரி."

"மத்த சத்தமெல்லாம் நின்னதும் சித்தப்பா திரும்பிப் பாத்தாரு. பின்னால நான் மட்டும்தான். 'எங்கடா எல்லாரும்'னு கேட்டாரு." அவன் கொஞ்சம் தயங்கினான். "ஏன் போனாங்கன்னு நான் சொன்னேன். ஐசம் பத்தியும் சொல்லிட்டேன்."

கெசியாவின் கை ஓர் அடி தவறியது. "என்ன சொன்னாரு?"

"பயங்கரமா கத்தினாரு. ராத்திரி எனக்குச் சாப்பாடு இருக்கான்னே தெரியல." வெஸ் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "கெஸி, நான் அந்தப் பேரை எப்பவும் கேட்டதே இல்ல. நீ சொல்ற வரைக்கும்."

"எனக்கு இன்னும் கோவமாத்தான் இருக்கு."

"தெரியும்."

"நாளைக்கும் இருக்கும்."

"சரி. நாளைக்கும் நான் பக்கத்துலதான் உக்காருவேன்."

அவன் டிரம்பெட்டை வாயில் வைத்தான். பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறதென்று தெரியாமல் நடுவில் தப்பாக நுழைந்து, பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

தலை நிறையச் சுருள் கிளிப்போடு மிஸஸ் ஓடம் வேலியோரம் ஓடிவந்தார். "ஏம்மா! ஊர்வலம் பெரிய தெருவுலதானே? வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்ல ஆன்ட்டி!" என்று கத்தினாள் கெசியா. "நல்லாத் தெரிஞ்சுதான் வந்தோம்!"

பெக்கன் தெருவின் கடைசி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி குச்சியை ஓங்கி அடித்தாள்.