இடது பக்கம் மட்டும்

தொட்டியிலிருந்த காளான் பவளத்தில் பாதி மட்டுமே விழித்திருந்தது. வலது பாதியில் நூற்றுக்கணக்கான குட்டிக் கைகள் நீண்டு தண்ணீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. இடது பாதியோ மழித்த தலை மாதிரி மொழுமொழுவென்று, மேலே அழுக்குத் தோல் படர்ந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைந்த கோடு, பென்சிலால் போட்டதுபோல.

அண்ணனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவரும் அண்ணியும் ஓய்வுக்காக மகள் வீட்டுக்குப் போயிருக்க, வீட்டையும் கூடத்துச் சுவரோரம் நின்ற, அந்தப் பவளம் வளரும் நாலடி உப்புநீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்ளத் தங்கை வந்திருந்தாள். மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாற்பத்தாறு வயதிலும் அண்ணனுக்கு அவள் ‘வாண்டு’தான்.

“பதினோரு வருஷமா வளர்த்த பிள்ளைடி அது. பார்த்துக்கோ வாண்டு,” என்று அண்ணன் போனில் சொன்னார். போனை வாங்கிய அண்ணி, அவர் அந்தப் பக்கம் போனதும் குரலைத் தாழ்த்தினாள். “என்ன ஆனாலும் நல்லாருக்குன்னே சொல்லு. அவர் மனசு தாங்காது.”

அதனால் தங்கை பழைய படங்களையே அனுப்பிக்கொண்டிருந்தாள். நேற்று அண்ணன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். “படம் வேணாம். நாளைக்கு வீடியோவில காட்டு.”

அவள் சும்மா இருந்தவள் இல்லை. உப்பின் அளவு பார்த்தாள், சரியாக இருந்தது. காரத்தன்மையும் கழிவுச்சத்தும் சரியாகவே இருந்தன. தண்ணீரை வடிகட்டும் கரித்தூள் பையை மாற்றி, கால்வாசித் தண்ணீரையும் மாற்றி, பம்பின் வாயை இடப்பக்கம் திருப்பி வைத்தாள். வண்ணமீன் கடைக்காரர் அவள் கொண்டுபோன தண்ணீரைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். “உங்க ஆஸ்பத்திரியில இவ்வளவு நல்ல ரிப்போர்ட் யாருக்கும் வராதும்மா.”

கடைசியில் பவளம் ஒட்டியிருந்த கல்லையே அப்படியே திருப்பி வைத்தாள். இரண்டு நாளில், சுருங்கிக் கிடந்த பாதி வலப்பக்கம் வந்து விரிந்துகொண்டது. நன்றாக இருந்த பாதி இடப்பக்கம் போய்ச் சுருண்டது. அதே இடம். அதே வளைந்த கோடு.

குறை பவளத்தில் இல்லை, அந்த இடத்தில்தான் என்று அப்போது புரிந்தது.

“வெளிச்சமா இருக்கும். பல்பு நம்ம கண்ணை ஏமாத்தும். இது ஏமாறாது,” என்று சொல்லி, கடைக்காரர் வெளிச்சம் அளக்கிற தன் மீட்டரை இரவல் கொடுத்தார். கைக்கு அடக்கமான பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் பொத்தான் அளவுக்கு ஒரு கண்.

மழை பிடித்துக்கொண்ட மாலை. ஐந்து மணிக்கே கூடம் மங்கிவிட்டது. தொட்டிக்கு மேலே இரண்டடி உயரத்தில் தொங்கிய விளக்கின் நீல வெள்ளை வெளிச்சம் மட்டும் தரையிலும் கூரையிலும் நெளிந்தது. பம்பு ரீங்கரித்தது. ஈர உப்பு வாடையோடு இன்று வேறொரு வாடையும் கலந்திருந்தது, நெடுநாள் பூட்டிவைத்த அலமாரியைத் திறந்தால் வருவதுபோல.

நாற்காலியில் ஏறி மீட்டரின் கண்ணைத் தண்ணீருக்குள் விட்டாள். வலப்பக்கம் நூற்றிருபது காட்டியது. இடப்பக்கம் எட்டு.

அவள் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே பிரகாசம்தான். விளக்கைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். எட்டு.

சரி, வெளிச்சம் எங்கே தொலைகிறது என்று பார்த்துவிடலாம் என்று கண்ணைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விளக்கை நோக்கி உயர்த்தினாள். நீர்மட்டத்தில் எட்டு. ஒரு சாண் மேலே எட்டு. இன்னும் நாலு விரல் மேலே போனதும் சட்டென்று நானூறு.

கையைத் தாழ்த்தினாள். எட்டு. உயர்த்தினாள். நானூறு.

விளக்குக்கும் தண்ணீருக்கும் இடையில் வெறும் காற்றுதான் இருந்தது.

ஆய்வுக்கூடத்துப் பழக்கம் விடவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, விளக்குக்குக் கீழே விரற்கடை விரற்கடையாகக் கையை நகர்த்தி எண்களைக் குறித்தாள். எட்டு வந்த இடத்தையெல்லாம் பேனாவால் கறுப்பாக்கினாள். முதலில் ஒரு வட்டம் வந்தது, தேங்காயைவிடச் சற்றுப் பெரியதாக. வட்டம் பின்னால் குறுகியது. குறுகிய பிறகு இரண்டு பக்கமும் விரிந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அது அங்கிருந்துதான் வந்திருந்தது.

பேனா நின்றது.

தலை. கழுத்து. தோள்கள்.

தொட்டியின் மேல் கவிழ்ந்து, பவளத்தையே பார்த்தபடி.

இத்தனை நாளாக. அவள் இதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். இதே கூடத்து சோபாவில் படுத்துத் தூங்கியிருக்கிறாள்.

மீட்டரின் கண்ணைப் பிடித்திருந்த கை இன்னும் அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. கையை இழுக்கவும் பயம். இழுத்தால் அதற்குத் தெரிந்துவிடுமோ? மூச்சை அடக்கிக்கொண்டாள். மழைச் சத்தம். பம்பு. மீட்டரில் எட்டு.

எட்டு.

எட்டு.

முப்பது.

நூறு. இருநூற்றைம்பது.

கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். மறுபடி ஏறி மீட்டரின் கண்ணைத் தண்ணீருக்குள் விட்டபோது இடப்பக்கமும் நூற்றிருபது காட்டியது.

ஒயரில் ஏதாவது கோளாறாக இருக்கும். எதையோ கிறுக்கி நாமே பேயைக் கூட்டிக்கொண்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வாய்விட்டுச் சிரிக்கவும் பார்த்தாள்.

அரை மணி நேரத்தில் பவளம் அசைந்தது. மொழுமொழு தலையில் முதலில் புள்ளிகள் தோன்றின. புள்ளிகள் முளைகளாயின. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள். அந்த வளைந்த கோடு எங்கே இருந்தது என்றே தெரியாமல் அழிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை கதவைத் திறந்து வெளியே ஓட நினைத்திருந்தவள், நின்று அண்ணனை வீடியோவில் அழைத்தாள்.

“அண்ணா, பாரு! உன் பிள்ளை எப்படி இருக்கான்னு நீயே பாரு!”

“அடேயப்பா!” என்றார் அண்ணன். “நல்லா விரிஞ்சிருக்குடி. நீ எங்கே? உன் முகத்தையும் காட்டு.”

போனைத் தன் பக்கம் திருப்பினாள். விளக்குக்கு நேர் எதிரே நின்றிருந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது.

“என்னடி வாண்டு, இருட்டுல நிக்கிறே?”

“இல்லண்ணா, விளக்குக்கு முன்னாலதான் நிக்கிறேன்.”

“ஒண்ணுமே தெரியலையே. கொஞ்சம் தள்ளி நில்லு.”

திரையின் மூலையில் தன் படம் வரும் சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். பின்னால் கதவு தெரிந்தது. தாழ்ப்பாளின் பித்தளை பளிச்சென்று மின்னியது. திரைச்சீலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. நடுவில், அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு. தேங்காயைவிடச் சற்றுப் பெரியதாக, வட்டமாக.

ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தாள். கறுப்பும் நகர்ந்தது.

“வாண்டு? பேசுடி.”

அவள் மெதுவாக இடது கையை முகத்துக்கு முன்னால் நீட்டினாள். வெளிச்சத்தில் தன் விரல்கள் ஐந்தையும் அவளால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. திரையில் அந்தக் கை முழங்கை வரைதான் இருந்தது, அதற்கப்பால் கறுப்பு.