அருவி நத்தைகளை எடுத்தது யார்?

"என் நத்தைகளைக் காணோம் மேடம்," என்றாள் வந்தவள், உட்காராமலே.

பேனாவைத் திறந்த நேசையா அப்படியே நின்றுவிட்டார். நகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த மாரிக்கண்ணுவின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். சேர்ந்த நாள்முதல் ஒரு கொலை வழக்கு வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். வந்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டு விசாரணைகள். இப்போது நத்தை.

"மொதல்ல உக்காருங்க," என்றாள் மாரிக்கண்ணு. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். நத்தையானாலும் நகையானாலும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வாள்.

வந்தவளின் பெயர் செல்வமணி. கல்லூரி ஒன்றில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். களக்காட்டு மலை ஓடைகளில், தண்ணீர் விழும் பாறையில் மட்டும் ஒட்டி வாழும் ஒரு நத்தை இனத்தைப் பல வருடங்களாக ஆராய்ந்துவருகிறாள். ஓடைகள் வற்றிக்கொண்டே வந்ததால், அனுமதி வாங்கிச் சிலவற்றைக் கொண்டுவந்து, வாடகை அறையில் தொட்டி வைத்து வளர்த்தாள். இதுவரை எவரும் தொட்டியில் அவற்றை முட்டையிட வைத்ததில்லை. அவளுடைய நத்தைகள் முட்டையிட்டிருந்தன.

"அறிஞர்கள், விஞ்ஞானிகள், கலைஞர்களுக்கெல்லாம் ஒரு அறக்கட்டளை ஃபெல்லோஷிப் கொடுக்கு. கிடைச்சா மூணு வருஷம் வேற வேலை பாக்காம இது ஒண்ணையே பாக்கலாம். கடைசிச் சுத்துக்கு வந்துட்டேன். நாளைக்குக் காலைல நடுவர் குழு நேர்ல வந்து தொட்டியைப் பாக்காவ. நேத்து கல்லூரி முடிஞ்சு அறைக்கு வந்தா, தொட்டில வெறும் தண்ணிதான் இருக்கு."

"யாரைச் சந்தேகப்படுதீங்க?"

செல்வமணி யோசிக்கவே இல்லை. "ஹரிஹரசுப்பிரமணியனை. கூடப் படிச்சவன். ஆழ்வார்குறிச்சியில இருக்கான். கடைசிச் சுத்துல அவனும் உண்டு. ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும். அவன் கட்டுரையில ஒரு தப்பை நான் கருத்தரங்க மேடையிலயே சொல்லிட்டேன். அதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது."

"அவன்தான், தாயி," என்றார் நேசையா. வழக்கு தொடங்குமுன்பே முடிந்துவிட்டதில் அவருக்குச் சற்று வருத்தம்கூட இருந்தது.

"அறையைப் பாத்துட்டுச் சொல்லுவோம் அண்ணாச்சி," என்றாள் மாரிக்கண்ணு.

அறை, தங்கத்தாய் என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. ஓட்டுக் கூரை, கதவுக்கு நாதாங்கி மட்டும். ஜன்னல்கள் இறுகச் சாத்தியிருந்தன. இடுக்குகளில் துண்டைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். நேசையா தொட்டுப் பார்த்தார். துண்டில் இன்னும் ஈரம் இருந்தது.

"இதை நீங்களா அடைச்சீங்க?" என்றாள் மாரிக்கண்ணு.

"இல்லயே. காத்துக்காக எப்பவும் தொறந்துதான் வச்சிருப்பேன். சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு அவன் சாத்தியிருப்பான்."

தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்பின் செருகி பிடுங்கப்பட்டு, வயர் சுற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. முட்டைகள் ஒட்டியிருந்த கற்களோடு, நத்தைகளின் தீனி டப்பாவும் வெப்பமானியும் போயிருந்தன. மாரிக்கண்ணு ஒரு ஜன்னலைத் திறந்தாள். வெளிப்பக்க விளிம்பில் கொசுக்கள் செத்துக் கொட்டிக் கிடந்தன. நடுவில் ஒரு குளவி. நேசையா மூக்கை உறிஞ்சினார்.

"டீசல் வாடை அடிக்கே!"

முற்றத்தில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அது தங்கத்தாயின் அண்ணன் மகன் பெருமாள்ராஜுடையது. அவனும் தங்கத்தாயும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"இந்த ரூமை எனக்குக் குடுங்கன்னு அத்தைட்ட கேட்டது நெசந்தான்," என்றான் பெருமாள்ராஜ். "அதுக்காக நத்தையப் போயா தூக்குவேன்? முன்ரூம்ல படுத்துக் கெடந்தேன். மிஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை."

"நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்தேன் தாயி," என்றாள் தங்கத்தாய், இருமிக்கொண்டே. "நேத்து சாயந்தரத்துலேர்ந்து தொண்டை ஒரே கமறல். அந்த நத்தை வாடை எனக்கு ஆகாதுதான். ஆனா புள்ள ராப்பகலா அதுக்கே உழைக்கி, அது வயித்துல அடிப்பேனா?"

நேசையா மாரிக்கண்ணுவைத் தள்ளி அழைத்துப்போய்க் கிசுகிசுத்தார். "டீசல் வாடை, லோடு ஆட்டோ, ரூம் மேல ஆசை. இந்தப் பயதான் தாயி. ஹரிஹரன் இல்லை."

"அவன்ட்ட என்ன மிஷின் இருக்கு அண்ணாச்சி?"

நேசையா சுற்றிலும் பார்த்தார். ஆட்டோவைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

மாரிக்கண்ணு எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டாள். தொட்டி விளிம்பில் கை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் பேசினாள்.

"கெடுதல் செய்ய வந்தவன் தண்ணில எதையாவது ஊத்திட்டுப் போயிருப்பான். திருட வந்தவன்னா அள்ளிட்டு ஓடியிருப்பான். வந்தவரு தீனியையும் வெப்பமானியையும் சேத்து எடுத்திருக்காரு. முட்டையைச் சொரண்டாம கல்லோட தூக்கியிருக்காரு. அதுங்க உயிரோட இருக்கணும்னு நெனச்சவரு அவரு. அப்போ இங்க இருந்தா பொழைக்காதுன்னு ஏன் தோணிச்சு? பெருமாள்ராஜ், நேத்து கேட்டது என்ன மிஷின்?"

"கொசு மருந்துப் புகை அடிக்க மிஷின்தான். தெரு பூரா அடிச்சிட்டுப் போனாவ," என்றான் அவன், இதையெல்லாமா கேட்பார்கள் என்பதைப் போல.

செல்வமணியின் கை வாய்க்குப் போயிற்று.

"டீசல் வாடை, செத்த கொசு, அம்மாவோட இருமல், எல்லாம் அந்தப் புகையாலதான். அது நத்தைக்கு ஆகுமா?"

"ஆகவே ஆகாது. தண்ணில கலந்தா ஒண்ணுகூட மிஞ்சாது." செல்வமணியின் பார்வை பம்பின் மேல் போயிற்று. "பம்பு ரூம் காத்தைத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள ஊதும். புகையையும்..."

"அதான் பிடுங்கியிருக்காரு. ஜன்னலை அடைச்சும் பாத்திருக்காரு. ஓட்டுக் கூரைல எப்படியும் எறங்கும்னு தெரிஞ்சதும் தூக்கிட்டுப் போயிட்டாரு. இவ்வளவும் தெரிஞ்ச ஆளு உங்களைத் தவிர யாரு?"

செல்வமணி பம்பின் வயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஆளை நீங்க சரியாத்தான் சொன்னீங்க. காரணத்தைத்தான் தப்பாச் சொல்லிட்டீங்க," என்றாள் மாரிக்கண்ணு.

"அப்படின்னா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே! ஒரு போன்?"

"அவரு நம்பரைத் தடுத்து வச்சிருக்கீங்களா?"

செல்வமணி தரையைப் பார்த்தாள்.

"ஆட்டோவைக் கெளப்பவா?" என்றான் பெருமாள்ராஜ்.

ஆழ்வார்குறிச்சியில் அந்த வீட்டின் பின்புறம் ஒரு வாய்க்கால் ஓடியது. அதிலிருந்து குழாய் வைத்து, ஒரு சிமெண்டுத் தொட்டிக்குள் தண்ணீரைச் சிறு அருவியாக விழவிட்டிருந்தார்கள். தொட்டி மேல் ஈரச் சாக்கு. பக்கத்தில் முக்காலி போட்டு, சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்தான் ஹரிஹரன். செல்வமணியைப் பார்த்ததும் எழுந்தான்.

"வந்துட்டியா? நேத்துலேர்ந்து போன் பண்றேன், செய்தி அனுப்பறேன். ஒரு பதில் உண்டா? இவ்வளவு ஆங்காரம் ஆகாது செல்வமணி!"

"எனக்கு எதுவும் வரலை," என்றாள் அவள் மெதுவாக. "நான் உன்னை... உன் நம்பரை..."

ஹரிஹரனுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் முகம் வாடிப்போயிற்று. "எப்போலேர்ந்து?"

"அந்தக் கருத்தரங்கு முடிஞ்ச அன்னைலேர்ந்து."

"பொங்கலுக்கெல்லாம் வாழ்த்து அனுப்பினேனே," என்றான் அவன்.

நேசையாவுக்குப் பேச்சை மாற்ற வேண்டும்போல் இருந்தது. "சாரு, நேத்து அங்கன எதுக்கு வந்தீங்க?"

"நடுவர்கள் வரும்போது நன்னா செய்னு சொல்லிட்டு வரலாம்னுதான். அதுக்குன்னே பாளையங்கோட்டை வரைக்கும் வந்துட்டு, வாசல்ல நின்னு, திரும்பிடலாமான்னு யோசிச்சிண்டிருந்தேன். அப்போ தெருக்கோடியில அந்தப் புகை மிஷின்." செல்வமணியிடம் திரும்பினான். "வீட்டுல ஒருத்தரும் இல்லைன்னு நினைச்சேன். போட்டியில எனக்கு இருந்த ஒரே எதிரி அந்தத் தொட்டிதான். தெரியுமா? பத்து நிமிஷம் சும்மா நின்னா போதும்."

"நின்னியா?"

"யோசிக்கத் தோணலை. வாளி எங்க இருக்குன்னு தேடிண்டிருந்தேன்."

ஹரிஹரன் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "காலைல ஒரு முட்டை அசைஞ்ச மாதிரி இருந்தது. உடனே மூடிட்டேன். உன் நத்தை. முதல்ல நீதான் பாக்கணும்," என்றான்.

அவள் முழங்காலிட்டுச் சாக்கை விலக்கினாள். ஈரக் கல்லின் மேல், கடுகை விடச் சிறிதாக, கண்ணாடி போன்ற ஓடுகளோடு குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நேசையாவும் குனிந்து பார்த்தார். கொலை வழக்கு நினைப்பு அவருக்கு அந்த நேரத்தில் சுத்தமாக இல்லை.

மறுநாள் தொட்டியைப் பார்க்க வந்த நடுவர் குழுவிடம், குஞ்சுகள் யாரால் உயிரோடு இருக்கின்றன என்பதைத்தான் செல்வமணி முதலில் சொன்னாள். அதன்பிறகே தன் ஆய்வைப் பேசினாள். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. ஃபெல்லோஷிப் செல்வமணிக்கு.

அதைச் சொல்ல இருவரும் சேர்ந்தே அலுவலகத்துக்கு வந்தார்கள். ஹரிஹரன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் வருத்தத்தை மறைக்கவில்லை. "எனக்கு வருத்தம்தான் மேடம். ரெண்டு நாள் சாப்பாடு எறங்கலை. அடுத்த தடவை மறுபடியும் விண்ணப்பம் போடுவேன்."

"போடுமுன்னே என்கிட்டக் காட்டு. தப்பில்லாம இருக்கட்டும்," என்றாள் செல்வமணி.

"தப்பா? அன்னைக்கு மேடையில நீ சொன்னதுதான் தப்பு. அந்த நத்தை ஓட்டுல கோடு வலமாத்தான் சுத்தும்!"

"இடமாத்தான்!"

விடைபெற்றுப் படியிறங்கும்போதும் சத்தம் ஓயவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நேசையா கவலையோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி இது, மறுபடியும் சண்டை போடுதாவளே?"

மாரிக்கண்ணு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "இல்ல அண்ணாச்சி. இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காவ."