பீடிக்கட்டு இருந்த இடம்

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். செல்வமேரி தன் கொழுந்தன் கிங்ஸ்டனுக்குப் பட்ட கடன் அது. கையில் வாங்கிச் செலவழித்த கடன் இல்லை, தலையில் ஏற்றி வைத்த கடன். சனிக்கிழமைதோறும் எஸ்டேட் ரைட்டரிடம் கூலி வாங்கியதும் ஒரு பங்கை மாமியார் கையில் வைப்பாள். மாமியார் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஏற்காடு போகும்போது சின்ன மகனிடம் சேர்த்துவிடுவாள். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. கடன் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. ஏச்சுதான் அடையவில்லை.

அன்று காலையும் அப்படித்தான் விடிந்தது. மஞ்சக்குட்டை ஊர் முழுக்க மூடுபனி. கூரைத் தகரத்தில் மழை விடாமல் கொட்டியது.

"இந்த வாரம் காசு கொறையுது மேரி."

"மூணு நாளா மழைங்க அத்தை. காட்டுக்குள்ளயே உடல. கூலி எங்கிருந்து வரும்?"

"மழை வந்து உன்ற கடனக் கட்டுமா? என்ற மவன் வாயையும் கையையும் பொசுக்கிப்போட்டு, ஒண்ணும் தெரியாதவளாட்ட காப்பித்தண்ணி வெக்கறா பாரு! பீடிக்கட்டு வெக்கிற எடத்துல பேட்டரிய வெச்ச மகராசி...!"

செல்வமேரி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள். வரக்காப்பியை டம்ளரில் ஊற்றி, வாசற்படியில் உட்கார்ந்திருந்த புருசன் டோமினிக் பக்கத்தில் வைத்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் குடிப்பான். போன மழைக்காலத்திலிருந்து அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கியதில்லை. ஒரே கூரை, ஒரே அடுப்பு... ஆனால் நடுவில் ஒரு மலை.

எல்லாம் அந்தப் புகைக் குழலால் வந்தது.

டோமினிக் எஸ்டேட்டில் நிழல் மரம் கழிக்கிறவன். சின்ன வயதிலிருந்தே பீடி. இருமல் முற்றி, மரம் ஏறினால் மூச்சு நின்று நின்று வந்தது. பீடியை விடாவிட்டால் நுரையீரல் மிஞ்சாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் கிங்ஸ்டன் வழி சொன்னான். ஏற்காடு ஏரிக்கரையில் அவனுக்குக் கடை. மேலே தொப்பியும் சாக்லேட்டும் மிளகுப் பொட்டலமும், மேசைக்கு அடியில் அரசாங்கம் தடை போட்ட வேப்பு என்கிற பேட்டரிப் புகைக் குழல். சுற்றிப் பார்க்க வரும் காலேஜ் பையன்கள் காதோடு காதாகக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

"பீடிய உடறதுக்கு இதுதானுங்க அண்ணி மருந்து. ஆனா நொம்ப உஷாரா வாங்கோணும். பாதி டூப்ளிகேட்டு. பாத்தா அச்சு அசல் ஒண்ணாட்டவே இருக்கும், உள்ள பேட்டரி குப்பை, வெடிச்சுப்போடும். ஒரிஜினல்னா பொட்டியில வெள்ளி ஸ்டிக்கர் இருக்கும், சுரண்டினா ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் வரும். வெலை சாஸ்திதான்... அண்ணன் உசுரு அதவிடப் பெருசுங்களே!"

புகைக்குப் புகை மருந்தாகுமா என்று அவளுக்கு யார் சொல்வது? தாய்வீட்டில் போட்ட கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். காதுத் துளை தூர்ந்துவிடாமல் விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள். கிங்ஸ்டன் பெட்டியைக் கொண்டுவந்தான். ஸ்டிக்கர் சுரண்டியிருந்தது. "நானே பாத்துப்போட்டனுங்க அண்ணி, சுத்த ஒரிஜினல்" என்றான்.

கொஞ்ச நாள் வீட்டில் பீடி நாற்றம் இல்லை. அவளும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

மழை பிடித்தது. இந்த மலையில் மழை பிடித்தால் தீக்குச்சியும் நமத்துப்போகும், உப்பும் கசியும். காய வேண்டியதெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய மூங்கில் பரணுக்குத்தான் போகும். கல்யாணமான நாளிலிருந்து புருசனின் பீடிக்கட்டை அங்கேதான் வைத்து மொறுமொறுப்பாக எடுத்துக் கொடுப்பாள். ஈரம் பட்டால் கெட்டுவிடுமே என்று வேப்பையும் அதே இடத்தில் வைத்தாள். வெள்ளாமை காக்கிற மாதிரி காத்தாள்! விடிகாலை டோமினிக் அதை எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். வெடித்தது. உதடு கிழிந்தது. வலது கட்டைவிரல் வெந்து, ஆறியபோது கோணலாகிவிட்டது. அரிவாள் பிடிக்க முடியாத கையாகிவிட்டது.

சேலம் ஆஸ்பத்திரிக்குக் கிங்ஸ்டன்தான் அந்தப் பதினெட்டாயிரத்து நானூறையும் கட்டி, அண்ணி கணக்கில் எழுதினான். அங்கேயே எல்லார் முன்னாலும் தீர்ப்பும் சொன்னான்: "ஒரிஜினல் வெடிக்காதுங்க அண்ணி. அடுப்புச் சூட்டுல வெச்சா எதுதான் தாங்கும்?"

மாமியார் நம்பினாள். புருசன் நம்பினான். பாவம், செல்வமேரியே நம்பினாள்! அதுதான் கொடுமை. அடுத்தவர் சுமத்திய பழியை இறக்கி வைக்கலாம். தானே எடுத்துச் சுமக்கிற பழியை எங்கே இறக்குவது?

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

கிங்ஸ்டன் நனைந்தபடி இறங்கினான். பின்னால் அவன் பெண்டாட்டி ஜோஸ்லின், அழுது வீங்கிய முகத்தோடு. கிங்ஸ்டன் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வந்து அடுப்படியில் வைத்தான்.

"அண்ணி, ஏரிக்கரையில கடை கடையா போலீசு பாக்குறாங்க. ஒரு வாரத்துக்கு இது இங்க இருக்கட்டும். இந்த மழையில யாரும் இங்க வர மாட்டாங்க."

"என்ன கொழுந்தனாரே இது?"

"வேப்புதாங்க. இத மட்டும் வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா மிச்சக் கடனத் தள்ளுபடி பண்ணிப்போடறன். ஒத்த ரூபா கேக்க மாட்டேன்."

மாமியார் முகம் மலர்ந்தது. "பாத்தியா மேரி, தங்கமான புள்ள! பரண்ல மட்டும் வெச்சுப்போடாதே தாயே!"

செல்வமேரி பெட்டிகளைப் பார்த்தாள். மழையானாலும் வெயிலானாலும் இனி சனிக்கிழமைக் கூலி முழுசாக வீட்டுக்கு வரும். புருசனுக்கு நல்ல ஸ்வெட்டர் ஒன்று எடுக்கலாம். ஒரு வாரம்தானே... பெட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"தொடாதீங்க அக்கா!"

ஜோஸ்லின் அலறினாள். கிங்ஸ்டன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "ஏய், வாய மூடிக்கிட்டு ஜீப்புல போய் உக்காரு!"

"மாட்டேன்! இன்னைக்குச் சொல்லலீன்னா எனக்கு நல்ல சாவு வராது... அக்கா, இதுல ஒண்ணு நேத்து என்ற பீரோவுக்குள்ள தானா வெடிச்சுதுங்க. சார்ஜ் போடல, அடுப்பு கிட்ட இல்ல. சீலைக்கு நடுவுல இருந்துச்சு. என்ற கல்யாணச் சீலை கருகிப்போச்சு. அப்புறம் அத்தன பொட்டியையும் சுரண்டிப் பாத்தனுங்க. எல்லாத்துலயும் ஒரே நம்பரு! எல்லாமே டூப்ளிகேட்டு!"

"இருக்கட்டுமே," என்றாள் மாமியார் அவசரமாக. "மேரிக்கு வாங்கினது ஒரிஜினல்தான?"

ஜோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு ஒரிஜினல் வந்துச்சுங்க அத்தை. அக்கா கம்மல் காசுல வந்தது. பெங்களூர்க்காரர் ஒருத்தர் ரெண்டு மடங்கு தரேன்னு கேட்டாரு. அத அவருக்கு வித்துப்போட்டு, இவரு இந்த மாதிரி டூப்ளிகேட்டு ஒண்ண எடுத்து ஸ்டிக்கரச் சுரண்டி அண்ணனுக்குக் குடுத்தாரு. நேத்து ராத்திரி நான் மண்ணெண்ணெயத் தூக்கினதுக்கு அப்புறந்தான் வாயத் தொறந்தாரு!"



டோமினிக் எழுந்து வந்தான். "டேய்... மாதா சத்தியமாச் சொல்லு. இல்லைன்னு சொல்லு."

கிங்ஸ்டன் தரையைப் பார்த்தான். "வெடிக்கும்னு நெனைக்கலண்ணா... அதனாலதான ஆஸ்பத்திரிக்கு நானே காசு கட்டினேன்..."

"கட்டினியே சாமி!" செல்வமேரியின் குரல் உடைந்தது. "கட்டின காச எங்கிட்டயே வசூலும் பண்ணினியே! அட்டைப்பூச்சி கூட வயிறு நெறஞ்சா உட்டுப்போடும். ஏன் கண்ணு, உன்ற கையில அந்தக் காச வாங்கறப்ப கூசலயா? இந்த மனுசன் என்ற கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்கலயே... அதையும் பாத்துக்கிட்டுத்தான வந்து வந்து போன?"

"தப்புதாங்க அண்ணி. தள்ளுபடி பண்ணிடறன்னு சொன்னனே..."

"தள்ளுபடி பண்ண நீ யாரு? கடன்காரன் நீ!"

மாமியார் நடுவில் புகுந்தாள். "போச்சாது உடு மேரி. என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன். வெளிய தெரிஞ்சா போலீசு பிடிச்சுட்டுப் போயிரும்... ஊட்டுக்குள்ளயே முடிச்சுக்கலாம்."

ஒரு வருசமாக வாரம் தவறாமல் கைநீட்டி வாங்கிய கை, இப்போது அவள் தாடையைத் தொட்டுக் கெஞ்சியது. செல்வமேரி அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"நான் யாருகிட்டயும் சொல்லலீங்க அத்தை. குடுத்த காசையும் திருப்பிக் கேக்கல. இனி குடுக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல. கொழுந்தனாரே, பொட்டியத் தூக்குங்க."

"இத எங்கங்க கொண்டு போறது, அண்ணி?"

"உன்ற பீரோவுல வெய்யி."

கிங்ஸ்டன் அண்ணனைப் பார்த்தான். டோமினிக் வாசலைக் காட்டினான். பெட்டிகள் ஜீப்பில் ஏறின. ஜோஸ்லின் போகிற போக்கில் செல்வமேரியைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "உங்க சாபம் எங்க புள்ளைங்க மேல உழுவ வேண்டாமுங்க அக்கா..."

"சாபமெல்லாம் இல்ல கண்ணு. அதுக்கும் தெம்பு வேணும்."

ஜீப் பனிக்குள் மறைந்தது. மாமியார் மூலையில் போய் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். யாருக்காக அழுதாள் என்று தெரியவில்லை. மருமகளுக்காக இருக்காது.

டோமினிக் அடுப்படிக்குத் திரும்பி வந்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுசன். பீடியை அவன் மறுபடி பிடிக்கத் தொடங்கி ஒரு வருசம் ஆகியிருந்தது. பீடிக்கட்டு இத்தனை நாளும் அம்மாவின் சுருக்குப்பையில்தான் இருந்தது. இப்போது அம்மாவிடம் போய்க் கேட்டு வாங்கினான். ஈரத்தில் நமத்துப்போயிருந்தது. அதைப் பெண்டாட்டியிடம் நீட்டினான்.

"மேரி... பழைய எடத்துலயே வெய்யி."

அவளுக்குப் புரிந்தது. உன்னை நம்புகிறேன் என்று சொல்ல அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். வாங்கிக்கொண்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பரணை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, கட்டை அப்படியே அடுப்புக்குள் போட்டாள்.

"அடிப்பாவி!" என்றாள் மாமியார்.

"நான் கம்மலக் கழட்டினது ஒரிஜினலுக்கும் இல்ல, டூப்ளிகேட்டுக்கும் இல்லீங்க. நீங்க இத உடோணும்னுதான். அந்தக் கம்மல் கடன நீங்கதாங்க பீடிய உட்டுத் தீக்கோணும்."

டோமினிக் அடுப்புப் பக்கம் திரும்பினான். கிழிந்து கூடிய உதடு துடித்தது.  நமத்த பீடி முதலில் புகைந்தது, அப்புறம் பற்றியது. அது எரிந்து முடிகிறவரை பார்த்திருந்தான். எடுக்கக் கை நீட்டவில்லை.

வாசற்படிக்குப் போய், ஆறிப்போன காப்பி டம்ளரைக் கோணல் விரலால் அணைத்து எடுத்து, ஒரே மூச்சில் குடித்தான்.

"தீர்ந்துச்சு போ," என்றான்.

செல்வமேரி காதிலிருந்த குச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வெறும் டம்ளரைக் கழுவ எடுத்துப் போனாள்.