ஜோசஃபின் நகர்த்தாத கட்டை

பெங்களூர் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? கன்டோன்மென்ட் பெண்கள் விடுதியின் கேட்டைத் திறக்கும்போது வெறும் தூறல்... வராந்தாவை எட்டுவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. குடையை மடக்கியபடி ஓடிவந்த ஜோசஃபின், சுவரில் சாய்த்திருந்த பலகையைக் கவனிக்கவில்லை. தோள் போய் மோதிவிட்டது.

"பெயின்ட் ஈரம்ங்க..." என்றது ஒரு குரல், எல்லாம் முடிந்த பிறகு.

வெள்ளைப் புடவையின் தோளில், இடம் வலம் மாறி, கறுப்பாக ஓர் ஆங்கில வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. 'அவே'.

"பலகையை இப்படியா வழியில வைப்பாங்க?"

"ஓரமாத்தான் வச்சேன். நீங்கதான் ஓரமா வந்தீங்க."

பிரஷ்ஷும் கையுமாக எழுந்து நின்றவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட கண்கள்... ஆனால் எத்தனை நல்ல கண்கள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்து தொலைத்தது.

அவன் ஓஸ்வால்ட். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். விடுதியின் பழைய பலகையைப் புதுப்பிக்க மேட்ரன் பியாட்ரிஸ் அவனைக் கூப்பிட்டிருந்தாள். பலகையில் பதினோரு பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் உள்ளே இருந்தால் 'இன்', வெளியே போயிருந்தால் 'அவே' என்று இரண்டு வார்த்தைகள், ஒன்றை மறைக்க ஒரு சின்ன மரக்கட்டை. மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வெளியே போகிறவள் கட்டையை நகர்த்தி 'அவே' தெரியும்படி வைத்துவிட்டுப் போக வேண்டும். இது 1936-ல் அந்த விடுதியின் சட்டம்.

மறுநாளும் அவன் இருந்தான். அதற்கு மறுநாளும்.

"ஒரு வார்த்தைக்கு இத்தனை நாளா?" என்று சீண்டினாள்.

"அப்பா விட்டுட்டுப் போன டிக்ஷனரி ஒண்ணு இருக்குங்க. வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்க்காம பிரஷ்ஷைத் தொட மாட்டேன்."

"இந்த 'அவே' எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"அந்தக் காலத்து இங்கிலீஷ்ல 'ஆன்', 'வே'ன்னு ரெண்டு வார்த்தையாம். வழியில இருக்காங்கன்னு அர்த்தம். சொல்லிச் சொல்லி ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அப்புறம்தான் தூரம், இங்க இல்லை, போயாச்சுன்னெல்லாம் அர்த்தம் வந்துச்சு."

"வழியில இருக்கிறவங்களைப் போய் இல்லைன்னுட்டாங்களே... பாவம்."

இப்படி ஆறு நாள் போயிற்று. ஆபீசில் டைப் அடிக்கும்போதே அவளுக்குச் சாயங்காலம் ஞாபகம் வந்துவிடும். ஏழாம் நாள்தான் அவன் அதைக் கேட்டான்.

"பழைய எழுத்துல உங்க கட்டைக்குக் கீழ மட்டும் 'அவே' புத்தம்புதுசா இருந்துச்சுங்க. மத்தவங்களது எல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு. நீங்க எங்கயும் போறதே இல்லையா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. எங்கே போவாள்? கோலார் தங்கவயலில் அப்பா இறந்த பிறகு அங்கே கதவு திறக்க ஆளில்லை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களின் ஜட்கா வண்டிகள் கிளம்பும் சத்தத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்பவள் அவள். அது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள்.

"பெயின்ட் அடிக்க வந்தீங்களா, என் கதையைப் படிக்க வந்தீங்களா?"

விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டாள். அடுத்த இரண்டு நாளும் பின்வாசல் வழியாக வந்தாள். இரக்கப்படுகிறானாம்... யாருக்கு வேண்டும் அது? ஆனால் பின்வாசலில் யாரும் இல்லை என்பதும் வலிக்கத்தான் செய்தது.

செப்டம்பர் எட்டு, மாதா தேர்த் திருநாள். மேட்ரன் உட்பட எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தலைவலி என்று அவள் மட்டும் நின்றுவிட்டாள். விடுதி ஓவென்று கிடந்தது. கீழே வந்தாள். முந்தின நாள் வராந்தாவில் மாட்டிய பலகையில் பத்துக் கட்டைகள் ஒரு பக்கம், அவளுடையது மட்டும் மறுபக்கம். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

படிக்குக் கீழே ஓஸ்வால்ட் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டு நாள் வேலைங்க அது. ஒன்பது நாள் இழுத்தேன். நீங்க வர்ற நேரம் பார்த்து, காஞ்ச எழுத்து மேலயே பிரஷ்ஷை ஓட்டிட்டிருந்தேன்." நெற்றியில் வழிந்த மழையைத் துடைத்தான். "அன்னிக்கு நான் கேட்டது கேலி இல்ல. என்னைத் தேடியும் யாரும் வர்றதில்லைங்க. எனக்குப் பலகை இல்ல, அவ்வளவுதான்... உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தேர் பார்க்க வர்றீங்களா?"

ஜோசஃபின் பலகைப் பக்கம் திரும்பிக் கட்டையில் விரல் வைத்தாள். இறுகிக் கிடக்கும் என்று நினைத்து அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"மெழுகு தேய்ச்சீங்களா?"

"உங்களதுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

குடையை விரித்துக்கொண்டு படி இறங்கினாள்.

"ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குப் பின்வாசல்தான் எனக்குக் கிட்ட," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "முதல் நாள் ஏதோ வந்துட்டேன். அப்புறம் ஆறு நாளும் முன்வாசலுக்குச் சுத்திக்கிட்டு வந்தேன். உங்களைப் பார்க்கத்தான்."

குடை சின்னது. கேட்டருகே போனதும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பதினோரு கட்டைகளும் ஒரே பக்கமாக இருந்தன.