முன்னால் எடுத்த ரத்தம்

தூத்துக்குடி சிறார் டயாலிசிஸ் கூடத்தில் காலை ஏழு மணிக்கு முதலில் விழிப்பது 'மருந்தறிவன்'தான். அந்த இயந்திரத்தின் பெயர்சூட்டு விழாவுக்கு இரண்டு அமைச்சர்கள் வந்தார்கள். பூமாலை மட்டும் மூன்று; மூன்றாவது இயந்திரத்துக்கு. போன வார ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்து, எந்தக் குழந்தைக்கு ரத்தம் ஊறவைக்கும் ஊசி என்பதை அதுவே தீர்மானிக்கும். திரை சொன்னபடி குத்துவது செவிலியர் ஃபிலோமினாவின் வேலை.

முதல் படுக்கை ஷிபானாவுக்கு, 'பதினொன்று. நிறைவு. ஊசி தேவையில்லை' என்றது திரை. நான்காவது வாரமாக இதே பாட்டு. ஃபிலோமினா அந்த ஒன்பது வயதுக்காரியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது.

"ஏட்டி, மாடி ஏறுனியா?"

"நாலு படிக்கே மூச்சு வாங்குது சிஸ்டர். ஆனா இந்தப் பெட்டி நான் நல்லாருக்கேங்கு."

ஹீமோகுளோபின் இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். பிறர் ரத்தம் ஏறினால், அடுத்த மாதம் அவளுடைய மாமி தரவிருக்கும் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடக்கூடும்.

குழாய் மாட்டுமுன்பே ஒரு துளி எடுத்துச் சோதித்தாள். எட்டரை! இரண்டு மாதமாக ரத்தம் எடுப்பதெல்லாம் டயாலிசிஸ் முடிவில். நாலு மணி நேரம் உடம்பின் நீரை உறிஞ்சினால் ரத்தம் சுண்டும். சுண்டிய குழம்பில் உப்பு ஏறுவதுபோல எண்ணும் ஏறும். மருந்தறிவனுக்குச் சமையல் தெரியாது.

மாநிலக் குருதிநலப் பேராணையர் டாக்டர் பூமிநாதனைத் திரையில் அழைத்தாள். பதவிப்பெயர் முழுதாக ஓடி முடிந்தபின் முகம் வந்தது.

"எடுக்குற நேரத்த ஏன் சார் மாத்துனீங்க?"

"பதினொன்றரைக் கூட்டத்துக்குச் சுடச்சுட எண் வேணும்மா. பெட்டி சொன்ன ஊசியளவ மாத்தணும்னா சட்டம் தெரியும்ல?"

தெரியும். இயந்திரத்தை மீறுகிறவர் மைதொட்டுக் கட்டைவிரல் பதிக்க வேண்டும். அதன்பின் அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயதுவரை ரத்தத்தால் என்ன நேர்ந்தாலும் அவரே குற்றவாளி. சட்டம் வந்து ஆறு வருடம். மாநிலத்தில் ஒரு விரலும் பதியவில்லை. பேராணையரின் விரல் உட்பட.

ஃபிலோமினா பதித்தாள். ஊசியைப் போட்டாள்.

"பதினெட்டு வரைக்கும் நீங்கதான் எனக்குப் பொறுப்பா? பாவம் சிஸ்டர் நீங்க."

"ஆமாட்டி. ஒழுங்கா மாத்திரையத் தின்னு."

மற்ற எட்டுப் பேருக்கும் இன்னும் குழாய் மாட்டவில்லை. அவர்களுக்கும் இரண்டு மாதமாக முடிவில்தான் எடுத்திருக்கிறார்கள்.

"எங்கம்மா போறீங்க?" என்றார் பேராணையர்.

"ரெண்டாம் படுக்கைக்கு சார்."

விரலின் மையைத் துடைக்காமல் நடந்தாள்.